அலமாரி பிளாக்

விடியற்காலை மூன்றரைக்கு
மாசாயில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால்
ஆறரைக்கு நான் ஸ்பெயினில் இருப்பேன்.

கடற்பாலம், இரண்டு நாட்டுக் குடிநுழைவு,
ஹெல்மெட்டுக்குள் என் கொட்டாவியின் ஆவி,
பிறகு விரைவுச்சாலை.
பேடோக்கைத் தாண்டிக் கடலைப் பார்த்தபடி
ஐந்து வெள்ளைக் கோபுரங்கள்.
கடிஸ், மலகா, வலென்சியா.
நான்காவதன் பெயரை இன்னும் எனக்கு வாசிக்க வராது.
ஐந்தாவது, அல்மேரியா.

அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
எனக்கு முன் இருந்த பச்சைமுத்து அண்ணன்
வேலையை ஒப்படைக்கும்போதே
அலமாரி என்றுதான் ஒப்படைத்தார்.
அலமாரியில் ஒரு லிஃப்ட் படுத்துவிட்டது.
அலமாரி பதின்மூன்றில் நாய் குரைக்கிறது.
அலமாரிக்குப் பீட்சா வந்திருக்கு, மேலே விடவா?
எட்டு வருடம்.
பதிவேட்டிலும் ஆங்கில எழுத்தில்
அதையே எழுதி வந்தேன்.

ரோசியோ பொட்டலத்துக்குக் கையெழுத்துப் போட வந்தாள்.
பதிவேட்டைத் தலைகீழாக வாசித்தாள்.
இது என்ன?
துணி வைக்கிற பெட்டி, என்றேன். கதவு இருக்கும்.
அர்மாரியோ! என்று மேசையைத் தட்டினாள்.
இதை எப்படிச் சொல்வீர்கள்?
மேசை.
மேசா, என்றாள். மறுபடியும் தட்டினாள்.
யாரோ கப்பலில் வந்தவன்
எங்கள் இருவர் வீட்டிலும்
மரச்சாமான்களை மட்டும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

அல்மேரியா அவள் பிறந்த ஊர்.
முகவர் முதலில் அந்தக் கோபுரத்தைத்தான் காட்டினாராம்,
கடல் நேராகத் தெரியும், வாடகையும் குறைவு.
என் ஊர்ப் பேருக்கு நான் வாடகை கட்டுவதா
என்று கடிஸில் எடுத்துக்கொண்டாள்.

வெயில் ஊராமே, வெள்ளைக்காரர்கள் அதற்கென்றே வருவார்களாமே,
வாசல் விளம்பரத்தில் பார்த்ததைக் கேட்டேன்.
வருவார்கள், என்றாள்.
சிவந்து போய்த் திரும்புவார்கள்.
விமானத்திலிருந்து பார்த்தால் ஊரே வெள்ளையாக இருக்கும்,
வீடு என்று நினைப்பார்கள்.
வீடு இல்லை, பிளாஸ்டிக்.
மலையிலிருந்து கடல்வரை பிளாஸ்டிக் கூடாரம்,
உள்ளே தக்காளி,
தக்காளிக்கு நடுவே
கடல் தாண்டி வந்த ஆட்கள்.

அவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய்விடுவார்களா?
என்று கேட்டுவிட்டேன்.
அவள் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை
எழுத்தெழுத்தாகப் படித்தாள்: சத்தியவேலு.
இல்லை, என்றாள்.
அப்புறம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு வெயில் ஒரு சரக்கு என்று தெரியாது.
ஓடி ஒளிவதற்கான ஒன்று அது;
காவல்கூண்டில் நாற்காலியை
நிழல் நகர நகர நகர்த்துவேன்,
இரண்டு மணிக்கு முதுகு சுவரில் முட்டும்.
இங்கே நீச்சல்குளத்தோரம் காசு கொடுத்துப்
படுத்திருப்பவர்களைப் பார்த்தால்
யாரும் எழுப்பாமல் விட்ட பயணிகள்போல இருக்கும்.

நேற்று மூன்று மணி. பத்தாம் தேக்கா பக்கம் இருட்டி,
பாத்தோக் பக்கம் கொட்டி, இங்கே வந்தது.
மொத்தக் குளமும் துண்டோடு ஓடியது.
அவள் மட்டும் ஓடவில்லை.
நடுவில் மல்லாந்து கிடந்தாள்,
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.
அவள் ஊரில் வருடத்துக்கு நாலைந்து மழையாம்,
அதுவும் மண்ணோடு பெய்யுமாம்.

இடி எச்சரிக்கை விளக்கு சுழல ஆரம்பித்தது.
விதிமுறை ஏழு: விளக்கு சுழன்றால்
காவலாளி உடனே விசில் ஊதி
அனைவரையும் வெளியேற்ற வேண்டும்.

விசிலை வாயில் வைத்தேன்.
ரப்பர் ருசி.
தூரத்தில், நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் அப்பால்
ஒரு வெளிச்சம். எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று,
சத்தம் இன்னும் வரவில்லை.
நான்கு.
இன்னும் கொஞ்சம் நனையட்டும்.
ஐந்து.