மண் தொடாத இரண்டு

தை மாசம் கக்காச்சியில் சோலைமந்தி எண்ணினேன்.
பங்குனியில் டவுன் நயினார்குளத்தில் அமலைச்செடி.
இரண்டுக்கும் அதே படிவம், அதே தினக்கூலி,
மூடி தொலைந்த அதே பேனா.

மேலே மூன்று நாள்
அண்ணாந்தே நடந்தோம்.
பூதத்தான் காணி கை உயர்த்தினால்
மூச்சையும் நிறுத்த வேண்டும்.
அட்டை கடித்த இடத்தில் புகையிலைத் தண்ணி.
நாலாம் நாள் வெடிப்பலா உச்சியில்
நரைத்த பிடரிக்குள் கரிய முகம் ஒன்று
தாடை புடைக்க எதையோ ஒதுக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தது,
தவணை கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல.
எண்ணிக்கை: பதினேழு.
குட்டி: ஒன்று.

கீழே எண்ணவே வேண்டாம் என்றார்கள்.
சதுர மீட்டருக்கு எத்தனை, அது போதும்.
ஒன்றைத் தூக்கினேன்,
கொடி அறாமல் ஒன்பது வந்தன.
"திங்கக்கெழம அள்ளுன எடத்த
வெள்ளிக்கெழம வந்து பாருங்க"
பொக்லைனை நிறுத்திவிட்டுச் சொன்னான் மாசானமுத்து.
புடைத்த தண்டை நசுக்கிப் பார்த்தேன்.
பஞ்சு. உள்ளே காற்று.
இதுவும் தாடையில்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது.

அது மண்ணில் கால் வைக்க யோசிக்கும்.
கிளைக்குக் கிளை போய்க்கொண்டே இருந்து
தேயிலை குறுக்கே வந்ததும்
உலகம் முடிந்ததென்று திரும்பிவிடும்.
இதற்கும் மண் வேண்டாம்.
கறுத்த வால்போல வேரைத் தொங்கவிட்டு
எந்த வாய்க்கால் குறுக்கே வந்தாலும்
ஏறிக்கொள்ளும்.

பூவைப் பற்றிப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஊதா. மேலிதழில் ஒரு மஞ்சள் கண்.
அதுவும் என்னைப் பார்த்தது.

கடைசிக் கட்டம்: அச்சுறுத்தல்.
மலையில் எழுதியது நினைவிருக்கிறது:
சாலை, தோட்டம், மனிதர்.
குளக்கரையில் செடியின் பெயரையே
எழுதச் சொன்னார் பொறியாளர்.
நான் சாக்கடை, மனிதர் என்று எழுதினேன்.
அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மஞ்சோலையில் பெய்தது
மணிமுத்தாறாகி, பொருநையில் விழுந்து,
சுத்தமல்லியில் திரும்பி
நெல்லைக் கால்வாயாக இங்கேதான் வருகிறது.
மந்தி நக்கிய இலையின் ஈரமும்
அதில் இருக்கலாம்.
சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு செடியை வாளியில் போட்டு
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
"மீனு எங்கட்டி?" என்றார் அவர்.
இரண்டு வாரத்தில் இரண்டானது.
கொசு வருமென்று கொட்டச் சொல்கிறார்.

மேலே அந்தக் குட்டி
இன்னும் பால் மறந்திருக்காது.