மூன்று வெள்ளை இடங்கள்

செயின்ட் லூயிஸ். பிப்ரவரி.
கறுப்பர்களுக்கென்று நகரம் கட்டிய
பதினொரு மாடியில்
லிஃப்ட் நின்று நாற்பது நாள்.
குழாய் வெடித்துப் படிக்கட்டில் உறைந்த நீரில்
கிளாடெலின் இடுப்பு முறிந்து ஒன்பது நாள்.

தேவாலய நிலவறையில் நகல் இயந்திரம்.
கைப்பிடி சுற்றுகிறவள் நான்.
ஸ்டென்சில் தட்டியவள் வெர்லீன்;
வக்கீல் அலுவலகத்தில் தரை துடைக்கிறவள்.
தட்டச்சு யார் சொல்லிக்கொடுத்தது என்றால்
‘கதவுக் கண்ணாடி’ என்பாள்.

கல்லூரியிலிருந்து தாடியஸ் வந்திருந்தான்.
‘உற்பத்தி உறவுகள்’ என்று தொடங்கினான்.
யாரும் சிரிக்கவில்லை.
சமையல் அடுப்பைத் திறந்துவைத்துக் குளிர்காய்கிறவர்களுக்கு
விஷயம் பழசு,
பெயர்தான் புதுசு.
பெயரை வாங்கி வைத்துக்கொண்டோம்.
காப்பியை நீயே போட்டுக்கொள் என்றோம்.

பிறகு துண்டறிக்கையை உரக்கப் படித்தோம்.
தயவுசெய்து கொதிகலனைப் பழுதுபாருங்கள்.
தயவுசெய்து படிக்கட்டில் விளக்குப் போடுங்கள்.
தயவுசெய்து வாடகையைக்

‘நிறுத்து’ என்றாள் யூலா.
எழுபது வீட்டு வாடகை
அவள் கைப்பையில், ரப்பர் வளையம் போட்டு.
‘பணத்தை மடியில் கட்டிக்கொண்டு
யாரிடம் கையேந்துகிறோம்?’

வெர்லீன் தன் விரல்களைப் பார்த்தாள்.
‘அதுவாகவே தட்டிவிட்டது’ என்றாள்.
யாரும் கடிந்துகொள்ளவில்லை.
மிசிசிப்பியில் அந்த ஒரு சொல்லை மறந்ததற்காக
வீடு திரும்பாமல் போன ஒருவராவது
அங்கிருந்த எல்லோர் குடும்பத்திலும் உண்டு.

வேறு ஸ்டென்சில் இல்லை.
யூலாவின் நகப்பூச்சு இருந்தது.
மூன்று சொல்லின் மேலும் தடவி
ஊதி ஊதிக் காயவைத்தோம்,
தாடியஸும் ஊதினான்.

நானூறு தாள்.
ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளை இடம்.

ஏழாம் மாடியில், இரவு ஷிப்ட் முடித்து
சட்டைகூடக் கழற்றாத ஒருவர்
வெள்ளையில் விரல் வைத்தார்.
இங்கே என்ன இருந்தது?
சொன்னேன்.
கதவைச் சாத்திக்கொண்டார்.
நான் எட்டாம் மாடிக்குப் பாதி ஏறியிருப்பேன்,
கீழிருந்து குரல்:
‘ஏய், எழுபத்தொன்று என்று எழுதிக்கொள்!’

மூன்றாம் வாரம்
வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து கடிதம்.
தயவுசெய்து நிலுவையைச் செலுத்தவும்.
வெர்லீன் அதில் இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்து
சிவப்பில் திருத்தித்
திருப்பி அனுப்பினாள்.
தபால்தலைக்கு யூலா ரசீது கேட்டாள்.

கொதிகலன் இன்னும் எரியவில்லை.
சுற்றிச் சுற்றி
என் வலது தோள் மட்டும்
சூடாக இருக்கிறது.