மின்தடை நாள்

ஒன்பதிலிருந்து ஐந்து வரை
மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்தால்
அதில் ஒன்பதுக்கு மட்டும்தான் உத்தரவாதம்.
அதனால் முதல் வேலையாக
மெயினிலிருந்து ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி
என் சாப்பாட்டுத் தூக்கின் மேலடுக்கில்
எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்து மூடினேன்.
"ஏன் தையலு, ஃபியூசுக்கும் தொட்டுக்க ஊறுகாயா?"
என்றார் ஹாஜா நஜ்முதீன்.
முதலாளி சிரித்தால் நாங்களும் சிரிப்போம்.

மூன்று வாரமாய் ரம்பம் சாய மறுக்கிறது.
நாற்பத்தைந்து கேட்டால் முப்பதில் நின்று முறைக்கிறது.
கோரையாற்றுத் தலைப்பில் ஷட்டர் ஏற்றுகிறவர்கள்போல்
கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கிப் பார்த்தாயிற்று.
ஆப்பு கொடுத்து ஒப்பேற்றியதில்
கொரடாச்சேரிக்குப் போன பதினாறு ஜன்னல் சட்டமும்
மூலைக்கு மூலை வாய் பிளந்து
அதே லோடு ஆட்டோவில் திரும்பி வந்தன.

பல்லுக்கிடையில் ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து
நட்டைத் தளர்த்தி
பிளேடை மண்ணெண்ணெய்த் தட்டில் கிடத்தினேன்.
அறுபது பல்லிலும் பிசின்,
வெற்றிலை போட்டு வாய் கொப்பளிக்காதவரைப்போல.
ஊறட்டும்.

மேசைக்கடியில் மல்லாந்து, டார்ச்சை வாயில் கவ்வி
மேலே பார்த்தால்
பல்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கொழுக்கட்டை.
ஹாஜாவின் மச்சான் பக்ருதீன் வேலை.
சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர்
"காஞ்சு கெடக்கு, பாவம்" என்று
கால் டப்பா கிரீஸ் ஊட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
லாரிக்குச் செய்யும் உபசாரம் அது.
இங்கே பசை கண்ட இடமெல்லாம்
மரத்தூளுக்குப் பந்தி.

மூங்கில் சிராயால் சுரண்டினேன்.
அடுக்கடுக்காய் வந்தது.
மேலே மஞ்சள், போன வாரத்துப் பலா.
அதற்குக் கீழே சிவப்பு, ஒரு டாக்டர் வீட்டு வேம்புக் கதவு.
அடியில் காப்பிப்பொடி நிறம்.
எதுவென்று தெரியாமல் முகர்ந்தேன்.
பூவரசு.
சித்தமல்லியிலிருந்து ஒருத்தி
அறுக்கக் கொடுத்துவிட்டு, காசு எடுத்துவருகிறேன் என்று போனாள்.
பலகைகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன
பென்சிலில் அவள் பெயரோடு.

சுத்தம் செய்த சக்கரத்துக்கு எண்ணெய் இல்லை, மெழுகு.
பூண்டி மாதா கோயிலில் பாதி எரிந்து அணைந்தவற்றைச்
செங்கோல்மேரி பையில் கொண்டுவந்திருந்தாள்.
"வேண்டுதல் முடிஞ்சதுதான்க்கா, பாவமில்ல."
திருகுதண்டின் மரைகளில் தேய்த்தேன்.
அவள் மேசையின் மேல்
அடைமழை ஈரத்தில் பூத்திருந்த துருவை
உப்புத்தாளால் எடுத்துக்கொண்டிருந்தாள்.
கர்ர் கர்ர் என்று
என் நெற்றிக்கு நேர் மேலே.

மூன்று இருபதுக்கு
எதிர்த்த மாவுமில் கத்தியது.
அப்புறம் வெல்டிங் பட்டறை.
அப்புறம் டீக்கடை ரேடியோ, பாதிப் பாட்டிலிருந்து.

என் கை முழங்கை வரைக்கும் உள்ளே இருந்தது.

எங்கள் மோட்டார் மட்டும்
காது கேட்காததுபோல் கிடந்தது.
மேரி தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.
"அக்கா, சுவிட்சு."
அது போட்டபடியே இருந்தது.
காலையில் கரண்டு போனபோது
யாரும் அணைக்கவில்லை.
யாரும் என்றால்
நான்.

"பிளேடுதான் இல்லையே" என்றார் ஹாஜா.
பெல்ட் இருக்கிறது, பாய்.
இதை வாயால் சொல்லவில்லை,
வாயில் டார்ச்.

கையை மெதுவாக வெளியே எடுத்தேன்,
பாம்புப் புற்றிலிருந்து எடுப்பதுபோல்
ஒவ்வொரு விரலாக.
எழுந்து கைப்பிடியைச் சுண்டுவிரலால் தள்ளினேன்.
சுற்றிற்று.
முப்பது, முப்பத்தெட்டு,
நாற்பத்தைந்தில் 'டக்'.
ஹாஜா அதை இரண்டு தடவை திருகிப் பார்த்தார்,
மூன்றாவது தடவை சும்மா.

"மாட்டிடலாமா?"
சுவிட்சை அணைத்தேன்.
அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.
ரயில்வே கேட் சாத்தியிருந்தது,
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
பெட்டி பெட்டியாய் நகர்ந்துகொண்டிருந்தது.
தூக்கைத் திறந்து
ஊறுகாய் வாசமடித்த கட்டைகளை
ஒவ்வொன்றாய் முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு
கடைசிப் பெட்டி போகும்வரை
சாப்பிட்டேன்.