இருபது

மிளகு பறித்த கை.
கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளி,
ஒன்று ஆழம், ஒன்று வெறும் கீறல்.
செம்மநத்தத்திலிருந்து எஸ்டேட் ஜீப்பில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
சேலம் வந்து சேர்ந்த மாதம்மாள்
இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள்.
பாம்பினாலா பாதையினாலா, சொல்வதற்கில்லை.

சருகு நிறம் என்கிறாள் அவள்.
பச்சை என்கிறார் புருஷன் தீர்த்தன்.
டிரைவர் போனில் ஐந்து பாம்பைக் காட்டுகிறார்,
ஐந்துக்கும் தலையாட்டுகிறாள்.

"ரத்தத்தையே கேட்டுக்கலாம் சிஸ்டர்"
டாக்டர் நஸ்ரின்.

இரண்டு மில்லி. புதுக் கண்ணாடிக் குழாய்.
சோப்பு கண்ட குழாய் பொய் சொல்லும்,
பிளாஸ்டிக்கும் பொய் சொல்லும்;
உறையை நானே கிழிக்கிறேன்.
பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுகிறேன்:
மாதம்மாள், 8.10.
இனி அதை யாரும் தொடக்கூடாது.

கொண்டலாம்பட்டி பைபாஸில் விழுந்த பையன் வருகிறான்.
கொலுசுப் பட்டறையில் அமிலம் தெறித்த ஒருவர்
கையை வாளித் தண்ணீரோடு தூக்கி வருகிறார்.
ஸ்ட்ரெச்சர் மேசையை உரசப் போக
என் இடுப்பைக் குறுக்கே கொடுத்தேன்.
குழாய் அசையவில்லை.

8.30. சாய்த்தேன்.
உறைந்து நிற்கிறது, ஈரல் நிறத்தில்.

"அப்ப வெசம் இல்லைங்களா? கெளம்பலாங்களா?"
இருங்கள். ஒரு குழாய்
அதன் நேரத்துக்கு மட்டும்தான் சாட்சி.
"அப்ப ஊசியாவது போட்டு விடுங்க."
அந்த ஊசியும் சமயத்தில் கடிக்கும்,
உடம்பு தடித்து மூச்சு அடைக்கும்,
வேண்டாதவருக்கு அதைத் தரமாட்டோம்
என்று சொல்ல நேரமில்லாமல்
"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

9.30. உறைந்தது.
ஜீப் கிளம்பிப் போனது.

பத்து மணிக்கு மேல் அவள் துப்பிய எச்சிலில்
பாக்குப் போட்டதுபோல் ஒரு சிவப்பு.
பாக்குப் போடும் பழக்கம் கிடையாதாம்.

10.30. சாய்த்ததும் ஓடி வந்தது
குழாயின் வாய்வரைக்கும்,
வழி தெரிந்த தண்ணீர் மாதிரி.

நஸ்ரின் ஒன்றும் சொல்லவில்லை.
ஏற்கெனவே குப்பிகளின் மூடியைப் பெயர்க்கிறார்.
பத்துக் குப்பி, வெள்ளைப் பொடி.
குலுக்கினால் நுரைக்கும்,
உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கரைக்க வேண்டும்.
அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாத நிதானம் அது.
ஐந்தை அவர் உருட்டினார், ஐந்தை நான்.

விடியற்காலை 4.40. இன்னொரு கண்ணாடி.
தீர்த்தன் என் கடிகாரத்தையே பார்க்கிறார்,
நிமிடத்துக்கு ஒரு வளைவாக
ஊருக்கு ஏறிக்கொண்டிருக்கிறார் என்பது
அவர் வாய் திறந்தபோதுதான் தெரிந்தது.
"பதினாலு. இங்க கொரங்கு ஒக்காந்திருக்குமுங்க."
அப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்லை.
"பதினெட்டு. இங்கிருந்து பாத்தா
சேலத்து லைட்டு பூரா தெரியும்.
இந்த ஆஸ்பத்திரி எதுன்னு மட்டும் தெரியாது."

இருபது.
என் கைக்கு முன்னால் அவர் தலை சாய்கிறது.
குழாயைச் சாய்க்கிறேன்.
உள்ளே இருப்பது சாயவில்லை.

கேஸ் ஷீட்டில் எழுதுகிறேன்: 5.00, உறைந்தது.
அதற்குக் கீழே, பகல் டியூட்டிக்காரிக்கு:
பதினொரு மணிக்கு மறுபடியும் பார்.
புதுக் குழாய்.