பதினாறும் பெற்று

விடிகாலை மூன்று நாற்பது.
திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில் மணமகள் அறை.
ஏசி இருக்கிறது. ரிமோட் மேனேஜரிடம்.
மேனேஜர் தூக்கத்தில்.

"அக்கா, பதினஞ்சரை பார்த்துட்டேன்.
நேத்து நலங்குல போனைப் பிடுங்கிட்டாங்க.
பதினாறுல பாதிதான் பாக்கி.
நான் கண்ணை மூடிக்கிறேன், நீங்க பாட்டுக்கு மை போடுங்க,
கீழ ஓடுற எழுத்தை மட்டும் படிச்சுடுங்க."

நாற்பத்தொன்பது மணப்பெண்களுக்குக் கண் எழுதியவள் நான்.
வாசிக்கச் சொன்னவள் நிவேதிகா ஒருத்திதான்.
ராக்கொடி டப்பாவில் போனைச் சாய்த்தேன்.
அது இங்கிலீஷில் ஓடியது,
நான் கடலூர்த் தமிழில் துரத்தினேன்.

கதை இது:
ஏழு பேர் பாட்டுக்குழுவில்
மாதுளை நிறத் தலைமுடிக்காரன் தோ-யூல்,
குரலுக்காக நிழலை அடகு வைத்தவன்.
அடகுக்கடைக்காரி ஒரு நரி.
மேடையில் ஏழு பேர், ஆறு நிழல்.
ரசிகைகள் எண்ணிவிடக் கூடாதென்று
மேக்கப் போடும் பொம்-ஹி
கச்சேரிதோறும் தரையில் மையால் ஒரு நிழல் வரைவாள்.
வரைந்த நிழல் நகருமா?
ஆறு பேர் பம்பரமாய்ச் சுழல
இவன் மட்டும் கரண்டு கம்பமாய் நிற்பான்.
அதைப் புது ஸ்டைல் என்று ஊரே நின்றது.

"மேக்கப்காரிதான்க்கா ஹீரோயின்."
பிரஷ்ஷைச் சற்று நிமிர்த்திப் பிடித்தேன்.

போனில் யாரோ "ஒப்பா" என்றார்கள்.
"ஒப்பா..." என்று இவளும் உருகினாள்.
பூச்சரத்தோடு சித்தி வாசலில்:
"ஒப்பனா? ஒப்பன் சமையல்கட்டுல
கேசரிக்கு முந்திரி எண்ணிட்டு நிக்கிறாரு. என்ன வேணும்?"
சிரித்த சிரிப்பில்
இடது கண்ணின் கோடு காதுவரை போனது.
துடைத்து, மறுபடி.

கடைசிக் கச்சேரி. திறந்தவெளி.
மழை.
வரைந்த நிழல் கரைந்து
படியிறங்கிப் போகிறது.
கூட்டம் விரல் நீட்டுகிறது.
வாயில் பிரஷ்ஷைக் கவ்வியபடி
பொம்-ஹி மேடைக்கே ஓடி வந்து,
பிரஷ்ஷை எடுத்து, வாயைத் திறந்து

வட்டம் சுற்றியது.
மண்டபத்துக்கு ஒரு கோடு டவர்,
அதையும் சொந்தக்காரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

"என்னக்கா சொல்றா?"
இமையில் மை ஈரம். திறந்தால் போச்சு.
சுத்துதுன்னு சொல்லியிருக்கலாம்.
வாய் தானாகப் படித்தது:

"என் நிழல்ல பாதியை எடுத்துக்கோ.
ஆனா பாதி நிழல் தனியா நடந்தா தெரிஞ்சுபோயிடும்.
ஒட்டியே நிக்கணும். சம்மதமா?"
"அவன்?"
"காதலிக்கக் கூடாதுன்னுதான் கம்பெனி எழுதி வாங்கியிருக்கு,
ஒட்டி நிக்கக் கூடாதுன்னு இல்லையேங்கறான்."
"நரி?"
"வட்டியைத் தள்ளிட்டு
ரெண்டாவது வரிசையில லைட்டுக் குச்சி ஆட்டுது."

கன்னத்துக்கு ரூஜ் போட வேண்டியிருக்கவில்லை.

மேடையில் நெய்வேலி மாப்பிள்ளை,
நைட் ஷிப்டு முகத்தோடு
ஒரு முழம் தள்ளி நின்றார்.
"பதினாறும் பெற்று..." என்று யாரோ அட்சதை போட
கூட்டத்தில் என்னைத் தேடி ஒரு புருவம் தூக்கினாள்.
பிறகு அவர் பக்கமாய் நகர்ந்தாள்,
இன்னும் கொஞ்சம்.
"தள்ளி நில்லும்மா, சார் மேல நிழல் அடிக்குது,"
வீடியோக்காரர் கத்தினார்.
அவள் அசையவில்லை.

பஸ் கெடிலம் பாலம் ஏறும்போது டவர் வந்தது.
பொம்-ஹி சொன்னது,
"குடையை மறந்துட்டேன்."
அவ்வளவுதான்.
அவன் குரலைத் திருப்பிக் கொடுத்து நிழலை மீட்கிறான்,
ஊமையாய் அவளுக்குக் குடை பிடிக்கிறான்.
நல்ல முடிவுதான்.
எனக்குத்தான் மஞ்சக்குப்பம் வரைக்கும் மனசு ஆறவில்லை.

எட்டாம் நாள் நெய்வேலியிலிருந்து வாட்ஸப்:
"அக்கா, ஹேர்ஸ்பிரே போகவே மாட்டேங்குது.
அப்புறம், முடிவு அது இல்லை."

தேங்காயெண்ணெய் வச்சு ஊறவிட்டு அலசுங்க
என்று முதலாவதுக்கு அனுப்பினேன்.
இரண்டாவதுக்கு
எழுதுகிறேன், அழிக்கிறேன்.
அவள் பக்கமும்
'டைப்பிங்' என்று வருகிறது,
போகிறது.