ஐம்பத்தாறு மில்லிமீட்டர்

பொட்டென்ஷியோமீட்டர் என்று முழுப்பெயர் சொல்ல
இங்கே யாருக்கும் மூச்சில்லை. பாட் என்போம்.
மூன்று கால், ஒரு தண்டு, உள்ளே
லாடமாய் வளைந்த கரித்தடம்.
திருப்பினால் கூடும், திருப்பினால் குறையும்.
எத்தனை கிலோ ஓம் என்று
இரண்டு இரவு கணக்குப் போட்டேன்.
அதற்கு உடம்பென்று ஒன்று இருப்பது
பெட்டியில் துளை போட்ட பிறகுதான் உறைத்தது.

தம்பெரே. ஜனவரி. மணி மூன்றரை, தெருவிளக்கு எரிகிறது.
சமையல் மேசையில் விரித்த செய்தித்தாள்,
அதன்மேல் அலுமினியப் பெட்டி, வெர்னியர் காலிப்பர்,
ஆறிப்போன காப்பி.
பெட்டிக்கு உள்ளகலம் ஐம்பத்தாறு.
காசுகளை எடுத்து உள்ளே அடுக்கிப் பார்க்கிறேன்:
இந்த ஊர்க் கடைகளில் யாரும் வாங்காத
ஒரு சென்ட், பதினாறு மில்லிமீட்டருக்கு.
ஐம்பது சென்ட், இருபத்துநான்குக்கு.
ஒன்பதுக்குக் காசு இல்லை,
சட்டைப் பொத்தான்.

மூன்றும் பொத்தானாய் வைத்தால்
இடம் தாராளம், பாட்டரிக்கும் படுக்கை கிடைக்கும்.
ஆனால் வாசிக்கப்போவது தார்மோ.

அடுக்குமாடிக்குக் கீழே, இரும்புக் கதவு போட்ட
குண்டுவீச்சுப் புகலிடத்தில் எங்கள் ஒத்திகை.
போர் வராததால் டிரம் செட் வந்தது.
தரை பனிக்கட்டி.
கம்பளிப் பூட்ஸோடு நின்று வாசிக்கிறவன்,
கை கிதாரை விடாது,
சத்தம் போதவில்லை என்றால்
கால் நுனியால் குமிழை உந்துவான்.
ஒன்பது மில்லிமீட்டர் தண்டு இரண்டை
இதுவரை ஒடித்திருக்கிறான்.
மன்னிப்புக் கேட்டான், இரண்டு முறையும்,
தரையைப் பார்த்து.

ஆகவே வால்யூமுக்கு இருபத்துநான்கு.
ஃபஸ்ஸுக்கும் டோனுக்கும் பதினாறு, பதினாறு.
கூட்டினால் ஐம்பத்தாறு!
காகிதத்தில் எழுதி அடிக்கோடு இட்டேன்.
கூட்டல் சரி. பெட்டி ஒப்பவில்லை.
அச்சிலிருந்து கழன்று வரவேண்டுமே என்று
வார்த்தவன் சுவரைச் சாய்த்திருக்கிறான்,
முகப்பை நெருங்க நெருங்க உள்ளே ஒடுங்குகிறது.
ஒரு மில்லிமீட்டர் இடிக்கிறது.
ஒரு மில்லிமீட்டரைத் தள்ளிப் படு என்று சொல்ல முடியுமா?

ஒரு ஐம்பது சென்ட், இரண்டு பொத்தான்.
முடிவு.
ஏழு மில்லிமீட்டர் துளையைப் பத்தாக அகட்டினேன்.
பிட் வழுக்கி இடதுபக்கம் ஓடியது.
காப்பியில் அலுமினியத் துகள் மின்னியது.
துளை இப்போது கொஞ்சம் முட்டை வடிவம்,
வாஷர் மறைத்துக்கொள்ளும்.

இனிக் குமிழ்.
கடையில் இருந்தவை எல்லாம் விரலுக்கானவை.
பூட்ஸுக்கு யார் செய்வார்கள்?
நிமிர்ந்தேன். எதிரே அடுப்பு.
பின்வரிசை, இடப்பக்கம்:
கறுப்பு, கனம், உள்ளங்கை நிறையும்,
ஒன்று முதல் ஆறு வரை எண்.
இழுத்தேன், வந்துவிட்டது.
தண்டை ஒருபக்கம் தட்டையாக அராவ
அரைமணி நேரம்.

வெள்ளிக்கிழமை, புகலிடம்.
தார்மோ குனிந்து பார்த்தான்.
கம்பளி நுனியால் மூன்றுக்குத் தள்ளினான், நான்குக்கு,
இரும்புக் கதவு அதிர்ந்தது.
"ரவுனி, இந்தக் குமிழ் எங்கே கிடைத்தது?"
"கடையில்."
ஞாயிறுதோறும் என் வீட்டில் கஞ்சி குடிக்கிற ஹில்க்கா
குமிழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த
பேஸின் நாலாவது கம்பியை
மறுபடி சுருதி சேர்த்தாள்.

இப்போதெல்லாம் பின் இடது அடுப்பை
இடுக்கியால் திருப்புகிறேன்.
எண் குமிழோடு போய்விட்டது.
பால் எழும்புகிற சத்தத்தை வைத்து
எவ்வளவில் இருக்கிறது என்று
காதால் தெரிந்துகொள்கிறேன்.