காரணம் எழுதும் கட்டம்

விடுப்புப் படிவத்தில் காரணத்துக்கு
ஒன்றரை அங்குலம்.
அச்சுக்குக் கொடுத்தவளே நான்தான், அளவு தெரியும்.
அதில் காய்ச்சல் அடங்கும்.
காதுகுத்து அடங்கும்.
மேட்டுப்பாளையத்தில் ஒரு சாவு,
எழுத்தை நெருக்கிப் போட்டால், அடங்கும்.

மூன்று வருடமாக வியாழக்கிழமைகளில்
என் சித்திக்கு மூட்டுவலி.
எனக்குச் சித்தியே கிடையாது.
ஆனாலும் அவள் முழங்காலை
ரோலர் அறையில் விசாரிக்கிறார்கள்.
யூகலிப்டஸ் தைலம் கொடுத்தனுப்புகிறார்கள்,
நாலு புட்டி சேர்ந்துவிட்டது.

உண்மையை ஒரே ஒரு முறை எழுதினேன்:
குஞ்சப்பனையில் பலாப்பழத்துக்கு வந்த யானை
சாலையை விட்டு நகரவில்லை, ஆகவே அரை நாள்.
அதைத்தான் யாரும் நம்பவில்லை.

போஜன் சார் நல்லவர். அதுதான் சிக்கல்.
கெட்டவரிடம் பொய் சொல்ல நாக்கு கூசாது.
நேற்று கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து,
"ஏதாவது கஷ்டமாம்மா? சொல்லு,
இங்க எல்லாரும் ஒரே குடும்பம்தானே" என்றார்.
குடும்பம் என்றதும் எனக்கு வாய் பூட்டிக்கொண்டது.
தம்பியை நாங்கள் முதலில் மறைத்தது
குடும்பத்திடம்தான்.

பேக்கிங்கில் ஜெசிந்தா சொன்னாள்.
டி.பி. இருந்தது, மருந்து சாப்பிடுகிறேன்,
தொற்றும் காலம் தாண்டிவிட்டது என்று
டாக்டர் சீட்டோடு வந்து சொன்னாள்.
ஒருவரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை.
உனக்கெதுக்கும்மா ஓவர்டைம் என்றார்கள்.
டீ வரும் தட்டில் அவளுக்கென்று
நீலக்கோடு போட்ட டம்ளர் ஒன்று வந்தது.
அதன் பில்லை வவுச்சரில் ஒட்டியவள் நான்.
முப்பத்தைந்து ரூபாய். இதர செலவு.

ஹாலன் சொல்லவில்லை.
கண் இருட்டிக்கொண்டு வருவதை
பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வேன் ஓட்டினான்.
அரவேனு தாண்டி ஒரு வளைவில்
ஏழு பெண்களும் இலை மூட்டைகளும்
தேயிலைக்குள் சரிந்தார்கள்.
செடி பிடித்துக்கொண்டது.
ராஜாத்தி மட்டும் இன்னும்
இடது கையால் சம்பளம் வாங்குகிறாள்.
அவனை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.
அவனுக்கு மூன்று பிள்ளைகள் என்பதும் வருகிறது,
பின்னாலேயே.

தம்பியால் எந்த வேனும் சரியாது.
டிரையரில் யார் விரலும் போகாது.
கோயமுத்தூரில் ஒரு வார்டு,
வியாழன் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை
கம்பிக் கதவு திறந்திருக்கும்.
சில வாரம் அவனுக்கு என்னை அடையாளம் தெரியும்.

போன வாரம் தெரிந்த வாரம்.
ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டேன்:
ஆபீசில் உன்னைப் பற்றிச் சொல்லட்டுமா, முகுந்தா?
ஒரு சுளையை வெளிச்சத்தில் பிடித்து
விதை எத்தனை என்று எண்ணினான்.
"உனக்கு லீவு வேணும்னா
உன் பேரைச் சொல்லி வாங்கிக்கோ."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த மூட்டுவலிக்காரி எப்படி இருக்கா?"

இன்று எழுதினேன்,
கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் வழியவிட்டு:
வியாழக்கிழமைகளில் வர இயலாது.
புதன் இரவுக்குள் கணக்கு முடித்துவைப்பேன்.
சம்பளம் பிடித்துக்கொள்ளலாம்.
இதனால் எந்திரத்துக்கோ ஆளுக்கோ ஆபத்தில்லை.
மிச்சம் என் ஒருத்தியுடையது அல்ல,
ஆகவே எழுதவில்லை.
சித்திக்கு மூட்டுவலி இல்லை.

போஜன் சார் இரண்டு தடவை படித்தார்.
ஜன்னலுக்கு வெளியே மஞ்சு ஏறி வந்து
எடைமேடையை மூடியது, பிறகு வேனை.
கையெழுத்துப் போட்டார்.
பக்கத்தில், பென்சிலால்,
சின்னதாக ஒரு கேள்விக்குறி.

கோப்பில் சேர்ப்பது என் வேலை.
ரப்பரும் என் மேஜையில்தான் இருக்கிறது.
துளை போட்டு, கயிறு கோத்து,
கேள்விக்குறியோடேயே வைத்தேன்.

அந்த நாலு புட்டித் தைலம்தான்,
எது யார் கொடுத்தது என்று
இப்போது ஞாபகமில்லை.